பாதி வழியில் அடி அண்ணாமலை

தீவு என்றால் நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம் என்று நாம் எல்லோரும் மூன்றாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்தாயிற்று. ஆகவே, "திருவண்ணாமலையும் ஒரு தீவுதான்" என்று யாராவது சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். ஆனால், சொன்னவள் என் அருமைச் சிநேகிதி; அதிலும் ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஸ்காட்லாந்திலிருந்து லீவில் வந்திருப்பவள். அதனால் கொஞ்சம் மரியாதையாகவே சிரித்தேன்.

கல்லூரியில் நாங்கள் நால்வர், ஒரே பெஞ்சு. இப்போது ஒருத்திக்குக் கிளாஸ்கோ நகரில் குடித்தனம். ஒருத்திக்குப் பாங்கில் உத்தியோகம். ஒருத்தி பள்ளிக்கூடத்து டீச்சர். நாலாமவள் இந்தப் பத்திரிகைக்காரி. பெயர்களை அச்சில் போட்டால் மூவரும் என்னைச் சும்மா விட மாட்டார்கள். எனவே கிளாஸ்கோக்காரி, பாங்க்காரி, டீச்சரம்மா என்றே வைத்துக் கொள்வோமே!

கடலில் ஒரு பிரதட்சிணம்

கிளாஸ்கோக்காரிக்கு அங்கே ஒரு விசித்திரமான பொழுதுபோக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் சிநேகிதிகளோடு கடலுக்குப் போய்த் தீவுகளைச் சுற்றுகிறாளாம். கப்பலில் அல்ல, 'கயாக்' என்னும் ஒல்லிப் படகில். வடதுருவத்துப் பக்கம் வாழும் இனூயிட் ஜனங்கள் சீல் என்ற கடல் பிராணியின் தோலைப் போர்த்திச் செய்து வந்த படகு அது. ஓர் ஆள் இடுப்பு வரை உள்ளே நுழைந்து உட்கார வேண்டும். இடுப்பில் பாவாடை மாதிரி ஒன்றைக் கட்டிக் கொண்டு, அதன் ஓரத்தைப் படகின் வாயில் மாட்டி விட்டால் தண்ணீர் உள்ளே வராது.

"பாவாடை கட்டிக் கொண்டு கடலில் போகிறாயா!" என்று டீச்சரம்மா வாயைப் பிளந்தாள்.

ஸ்காட்லாந்துக் கரையைச் சுற்றி எழுநூறுக்கு மேல் தீவுகள். அவற்றில் கிரேட் கம்ப்ரே என்னும் சின்னத் தீவு கிளாஸ்கோவுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. அதைச் சுற்றிப் போகும் சாலை ஏறக்குறைய பத்து மைல், அதாவது பதினாறு கிலோமீட்டர். காலையில் படகை இறக்கினால் மாலைக்குள் சுற்றிக் கொண்டு கிளம்பிய கரைக்கே திரும்பி விடலாமாம்.

"நம் அண்ணாமலையைச் சுற்றினால் பதினாலு கிலோமீட்டர். இரண்டும் ஒன்றுதானே? நடுவில் இருப்பதைச் சுற்றி வருகிறோம். கிளம்பின இடத்துக்கே திரும்புகிறோம். வாங்கடி, போகலாம்!" என்றாள்.

தீவைச் சுற்றுவது விளையாட்டல்ல என்றும் எச்சரித்தாள். கடல் ஏறி இறங்கும் நேரத்தை அட்டவணை பார்த்துக் குறித்துக் கொள்ள வேண்டும். 1947-ஆம் வருஷம் ஆகஸ்டில் பிரபல எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், மூன்று வயதுப் பிள்ளையையும் உறவினரையும் ஏற்றிக் கொண்டு ஜூரா தீவுக்கருகே சிறு படகில் போனார். நீரோட்ட நேரத்தைத் தப்பாகக் கணக்கிட்டு விட்டார். கோரிவ்ரெக்கன் என்ற நீர்ச்சுழலில் சிக்கிப் படகின் மோட்டாரே கழன்று போயிற்று. ஒரு பாறைத் திட்டில் ஏறி எல்லோரும் உயிர் தப்பினார்கள்.

"அதனால் எங்களுக்கு மூன்று சட்டம் உண்டு. எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லி விட்டுத்தான் கிளம்ப வேண்டும். யாருக்கு என்ன உடம்பு என்பதை மறைக்கக் கூடாது. யார் மெதுவாகத் துடுப்புப் போடுகிறாளோ, அவள் வேகம்தான் எல்லோருக்கும் வேகம்."

காதில் வாங்கிக் கொண்டோம். அவ்வளவுதான். சட்டமெல்லாம் கடலுக்குத்தானே, கெட்டித் தரைக்கு எதற்கு என்று நினைத்தேன்.

தூங்கினவள் யார்?

சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்குத் திண்டிவனம், செஞ்சி வழியாகச் சுமார் 190 கிலோமீட்டர். செஞ்சிக் கோட்டையைத் தாண்டிச் சிறிது நேரம் போனால், சமவெளியில் தன்னந்தனியாக அந்த மலை எழுந்து நிற்கிறது. இரண்டாயிரத்து அறுநூறு அடிக்கு மேல் உயரம். "பார்த்தாயா, தீவு!" என்று கிளாஸ்கோக்காரி என் விலாவில் இடித்தாள். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

பௌர்ணமியை வேண்டுமென்றே தவிர்த்திருந்தோம். அன்றைக்கு லட்சக்கணக்கில் கூட்டம். ஸ்காட்லாந்தில் நிலா கடல் நீரை இழுக்கிறது. திருவண்ணாமலையில் ஜனங்களை இழுக்கிறது! சாதாரண நாளில் வெயிலுக்கு முன்னே காலை நான்கு மணிக்குக் கிளம்பி, எட்டு மணிக்குள் சுற்றி முடித்து விடுவதாகத் திட்டம். பங்குனி மாதம் அல்லவா? வடக்கத்தி வெயில் ஒன்பது மணிக்கே முதுகில் ஏறி உட்கார்ந்து கொள்ளும்.

மாணிக்கவாசகர் திருவெம்பாவையைத் திருவண்ணாமலையில்தான் பாடினார் என்று சொல்வார்கள். இருபது பாட்டு. விடியற்காலையில் பெண்கள் ஒருவரையொருவர் கேலி செய்து எழுப்பிக் கொண்டு நீராடப் போவது அதில் வரும். எத்தனை எழுப்பினாலும் எழுந்திராத தோழி ஒருத்தி உண்டு அல்லவா? எங்கள் கோஷ்டியில் அந்தத் தோழி அடியேன்தான். நான்கு மணி அலாரத்தை அணைத்து விட்டுத் திரும்பிப் படுத்துக் கொண்டேன். அறைக் கதவை உடைக்காத குறையாகத் தட்டி என்னை எழுப்பிக் கிளம்பியபோது மணி ஆறேகால்.

தப்புப் பண்ணினவள் வாயை மூடிக் கொண்டிருந்தால் பாதகமில்லை. நானோ, இழந்த நேரத்தைப் பிடிக்கிறேன் பேர்வழி என்று தலைமைப் பதவியை எடுத்துக் கொண்டேன். "டிபன் எல்லாம் வந்த பிறகு பார்த்துக் கொள்ளலாம். வெறும் வயிற்றோடு, வெறுங்காலோடு நடந்தால்தான் பலன்" என்று சட்டம் போட்டேன். டீச்சரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பேசாமல் செருப்பைக் கழற்றி வைத்தாள்.

எட்டுத் திக்கு, எட்டு லிங்கம்

இருநூற்றுப் பதினேழு அடி உயர ராஜகோபுரத்தடியில் ஒரு கும்பிடு போட்டுக் கிளம்பினோம். கிருஷ்ணதேவராயர் தொடங்கி வைத்துத் தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் முடித்த கோபுரம் அது.

கிரிவலப் பாதையில் வழி தவறவே முடியாது. எட்டுத் திக்குக்கும் எட்டு லிங்கங்கள் காவல் இருக்கின்றன. கிழக்கே இந்திர லிங்கம். தென்கிழக்கே அக்கினி லிங்கம். தெற்கே எம லிங்கம். தென்மேற்கே நிருதி லிங்கம். மேற்கே வருண லிங்கம். வடமேற்கே வாயு லிங்கம். வடக்கே குபேர லிங்கம். வடகிழக்கே ஈசானிய லிங்கம். மலை எப்போதும் நமக்கு வலப்பக்கம். சாலையின் இடது ஓரமாகவே நடக்க வேண்டும் என்பது பெரியவர்கள் வாக்கு. வலது ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் சித்தர்கள் நடக்கிறார்களாம்.

செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டினோம். 1896-இல் பதினாறு வயதுப் பையனாக ரயிலில் வந்து இறங்கிய ரமணர், 1950-இல் உயிர் பிரியும் வரையில் இந்த மலையடியை விட்டு அகலவே இல்லை. கிரிவலத்தில் அவருக்கு மிகுந்த பிரியம். அவசரமே இல்லாமல் நடப்பாராம். அந்தச் சேதியை டீச்சரம்மாதான் சொன்னாள். நான், "சரி சரி, நட!" என்றேன்.

எம லிங்கத்துக்கப்பால் சாலை வலப்புறம் திரும்பியதும் ஊர்ச் சந்தடி ஓய்ந்து விடுகிறது. இருபுறமும் மரங்கள். ஒரு காலத்தில் மொட்டையாகக் கிடந்த இம்மலையின் சரிவுகளில் 1980களின் கடைசியிலிருந்து அன்பர்கள் கன்று நட்டு நட்டுப் பசுமை ஏற்றியிருக்கிறார்கள். நடக்க நடக்க மலை உருவம் மாறுகிறது. கோபுரத்தடியில் ஒரே சிகரமாகத் தெரிந்தது, இப்போது இரண்டாகப் பிரிகிறது. அந்த வேடிக்கையில் நான் முன்னால் போய்க் கொண்டே இருந்தேன். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

அடி அண்ணாமலையில்

வருண லிங்கத்தைக் கடந்து, மாணிக்கவாசகருக்கென்றே இருக்கும் சின்னக் கோயிலையும் கடந்தால் வருவது அடி அண்ணாமலை. அமைதியான கிராமம். ஆதி அருணாசலேசுவரர் கோயில் இருக்கிறது. பிரம்மா பிரதிஷ்டை செய்த லிங்கம், பெரிய கோயிலுக்கும் முந்தியது என்பது ஐதிகம். 'ஆதி அண்ணாமலை' தான் 'அடி அண்ணாமலை' ஆயிற்று என்பார்கள். பெரிய கோயிலுக்கு நேர் எதிர்ப்புறம், மலையின் முதுகுப் பக்கம். சுற்றில் ஏறக்குறைய பாதி வழி.

கோயில் வாசலில் நின்று திரும்பினேன். பாங்க்காரி வந்தாள். கிளாஸ்கோக்காரியும் டீச்சரம்மாவும் நூறு கஜம் பின்னால் வந்து கொண்டிருந்தார்கள். டீச்சரம்மா நடந்த மாதிரி இல்லை, தள்ளாடினாள். வந்ததும் படியில் தொப்பென்று உட்கார்ந்தாள். முகமெல்லாம் முத்து முத்தாக வியர்வை. கை வெடவெடவென்று நடுங்கியது. "என்னடி செய்கிறது?" என்று கேட்டால் பதில் சம்பந்தமில்லாமல் குழறுகிறது!

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிளாஸ்கோக்காரி மட்டும் அவள் முகத்தருகே குனிந்து, "உனக்குச் சர்க்கரை வியாதி உண்டா? காலையில் மாத்திரை போட்டாயா?" என்று கேட்டாள். டீச்சரம்மா மெல்லத் தலையை ஆட்டினாள்.

இரண்டு வருஷமாகவாம்! எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. 'நோயாளி மாதிரி பார்ப்பீர்கள், என்னால் உங்கள் குஷி கெட்டுப் போகும்' என்று மறைத்திருக்கிறாள். வழக்கம்போல் மாத்திரையை விழுங்கி விட்டு, என் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வெறும் வயிற்றோடு ஏழெட்டுக் கிலோமீட்டர் நடந்திருக்கிறாள். ரத்தத்தில் சர்க்கரை தடாலென்று இறங்கி விட்டது.

பக்கத்து டீக்கடை அம்மாளிடம் ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் டீ போடக்கூட நிற்கவில்லை. டம்ளர் தண்ணீரில் கை நிறையச் சர்க்கரையைப் போட்டுக் கலக்கி எடுத்துக் கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். டீச்சரம்மாவுக்கு நினைவு இருந்தது, விழுங்க முடிந்தது. கால் மணி நேரத்தில் நடுக்கம் அடங்கிற்று. பிறகு பிஸ்கட், பிறகு இட்லி. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று கிளாஸ்கோக்காரி பிற்பாடு சொன்னாள். சகோதரிகளே, இதை மட்டுமாவது மனத்தில் குறித்துக் கொள்ளுங்கள்.

அப்புறம்தான் அவள் பாதங்களைப் பார்த்தோம். இரண்டு காலிலும் கொப்புளம், ஒன்று உடைந்தே விட்டது. அவளுக்கு வலிக்கவே இல்லையாம். இந்த வியாதி சிலருக்குப் பாதத்தின் உணர்ச்சியைக் குறைத்து விடும். அவர்கள் வெறுங்காலோடு சூடான தார்ச்சாலையில் நடப்பது பெரிய ஆபத்து.

"என்னை ஆட்டோவில் ஏற்றி விட்டு நீங்கள் மூவரும் முடித்து விட்டு வாருங்கள்" என்றாள் டீச்சரம்மா. கண்ணில் நீர்.

"தீவின் பின்பக்கத்தில் ஒருத்தியைத் தனியே விட்டு விட்டு வருகிற வழக்கம் எங்கள் கோஷ்டியில் கிடையாது" என்றாள் கிளாஸ்கோக்காரி.

நான் டீச்சரம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தேன். சொல்ல வார்த்தையில்லை. தூங்கினவள் நான், விரட்டினவள் நான், பட்டினி போட்டவளும் நான்.

டீக்கடை அம்மாள்தான் தீர்ப்புச் சொன்னார். "ஏம்மா அழுவறே? மலை எங்கே போயிடப் போவுது? இன்னைக்கு வுட்ட எடத்துலேருந்து இன்னொரு நாள் வந்து நடந்துக்க!" சர்க்கரைத் தண்ணீருக்குக் காசு கொடுத்தோம். வாங்க மாட்டேன் என்று விட்டார்.

பாதி வழியில் ஒரு விசேஷம்: திரும்பினாலும் அதே தூரம், மேலே போனாலும் அதே தூரம். ஆட்டோ நால்வரையும் ஏற்றிக் கொண்டு முன்னோக்கியே ஓடி, ஊருக்குள் ஒரு டாக்டரிடம் சேர்த்தது. டாக்டர் புண்ணுக்குக் கட்டுப் போட்டார். பிறகு எல்லோரையும் ஒரு பாட்டம் திட்டினார். திட்டில் பெரும் பங்கை நானே ஏற்றுக் கொண்டேன்.

மீதிப் பாதி

ஊருக்குத் திரும்பினோம். மூன்று வாரம் கழித்து, கிளாஸ்கோக்காரியின் லீவு முடிவதற்கு நாலு நாள் முன்பு, புண் ஆறி, டாக்டர் அனுமதியும் கிடைத்த பின், மறுபடி வந்தோம். விடியற்காலையில் முதலில் எழுந்தவள் நான் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக் கொள்கிறேன். இட்லி சாப்பிட்ட பிறகே ஆட்டோ பிடித்து, அடி அண்ணாமலைக் கோயில் வாசலில் இறங்கினோம். டீக்கடை அம்மாள் எங்களைப் பார்த்துச் சிரித்தார். டீச்சரம்மா காலில் தடித்த காலுறை, மெத்தென்ற செருப்பு; பையில் சர்க்கரை மிட்டாய்.

"நீ முன்னால் போ" என்றோம். அவள் வேகத்தில் நடந்தோம். அந்த வேகத்தில்தான் எத்தனை தென்படுகிறது! வாயு லிங்கத்தருகே காற்று சிலுசிலுவென்று வந்தது. குபேர லிங்கத்துக்கப்பால், மலை ஐந்து முகமாகத் தெரியும் இடத்தில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். இரண்டு வருஷத்துக் கதையையும் டீச்சரம்மா அங்கேதான் சொன்னாள். ஈசானிய லிங்கத்தைத் தரிசித்துக் கொண்டு கோபுரத்தடிக்கு வந்தபோது வெயில் இன்னும் ஏறியிருக்கவில்லை.

நேயர்களே, நீங்களும் சிநேகிதிகளோடு ஒரு நாள் போய் வாருங்கள். பௌர்ணமிதான் வேண்டும் என்பதில்லை. ஆனால் கிளம்புமுன், யாருக்கு என்ன உடம்பு, யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று வாய்விட்டுக் கேட்டு விடுங்கள். உங்களில் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். அடி அண்ணாமலை வந்ததும் ஐந்து நிமிஷம் நின்று, எல்லோர் முகத்தையும் ஒரு தடவை பாருங்கள்.

அப்படியே அந்த டீக்கடையில் ஒரு டீயும் குடியுங்கள். சர்க்கரை தாராளமாகப் போடுவார்!