சொல்லிவிட்டு அணையுங்கள்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக இலுக்கும்புரவுக்குச் செல்லும் மலைப்பாதையில் ரிவர்ஸ்டன் என்றோர் இடம் உண்டு. நக்கிள்ஸ் மலைத்தொடரின் வடபகுதி அது. 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ தனது உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்ட இலங்கையின் மத்திய மலைநாட்டில் நக்கிள்ஸ் காப்புவனமும் அடங்கும். கொழும்பிலும் கண்டியிலும் இருந்து வார இறுதிகளில் இளைஞர்கள் அங்கு திரளாகச் செல்கின்றனர். மூடுபனி, ஆளைத் தள்ளும் காற்று, அருகில் பிட்டவல பத்தன புல்வெளி, சற்றுத் தள்ளி சேர எல்ல நீர்வீழ்ச்சி. "போனை மூடிவைத்துவிட்டு இரண்டு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வரவேண்டும்" என்பதே புறப்படும்போது பலரும் சொல்வது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தொலைபேசியை மறப்பதற்காக அவர்கள் ஏறிச்செல்லும் அந்த மலையின் உச்சியில் நிற்பது ஒரு தொலைத்தொடர்புக் கோபுரம். அதன் அடிவாரம் வரை நடந்துசென்று, அதன் முன்னால் நின்று படம் எடுத்து, அதனை அனுப்புவதற்குச் சமிக்ஞை கிடைக்கவில்லையே என்று கையை உயர்த்தித் தேடுவோரை அங்கு காணலாம்.

நகைப்பதற்காக இதனை எழுதவில்லை. கையிலுள்ள கருவியைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது எப்படி, எப்போது அதனை அணைத்துவைப்பது என்ற இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒரே கேள்விதான் என்பது என் எண்ணம். அதற்கான விடையை எனக்குச் சுருக்கமாகச் சொன்னவர் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த முச்சக்கரவண்டிச் சாரதி ஒருவர்.

2025 ஓகஸ்டில் நண்பர் ஒருவருடன் அங்கு சென்றிருந்தேன். ஏற்றம் கடுமையாவதற்கு முன், ஒரு வளைவில் அந்த இளைஞர் வண்டியை ஓரங்கட்டினார்.

"ஐயா, போனை ஏரோப்ளேன் மோட்ல போட்டுருங்க. இங்க சிக்னல் வந்து வந்து போகும். தேடித் தேடியே பெட்டரி எறங்கிரும்" என்றார்.

பின்னர் தமது தொலைபேசியை எடுத்து ஓர் இலக்கத்தை அழுத்தினார். மறுமுனையில் ஒருமுறை மணி அடித்ததும் துண்டித்தார். நம்மூரில் இதற்கு 'ரிங் கட்' என்று பெயர். அதன்பின் தொலைபேசியை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"யாருக்குத் தம்பி?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு. ஒரு ரிங்னா மலை ஏறுறேன்னு அர்த்தம். திரும்பி எறங்கினதும் ரெண்டு ரிங் குடுப்பேன். நடுவுல எவ்வளவு நேரமானாலும் அவங்க பயப்பட மாட்டாங்க. காசும் போகாது."

தொழில்நுட்பத்தைத் திறமையாகப் பயன்படுத்துவது பற்றி வெளிவந்த நூல்கள் சிலவற்றை நான் படித்திருக்கிறேன். அவை எவற்றிலும் இவ்வளவு தெளிவான முறை இருந்ததாக நினைவில்லை.

அவர் மின்கலம் பற்றிச் சொன்னதும் சரியே. கைத்தொலைபேசி கோபுரத்தோடு இடையறாது பேசிக்கொண்டிருக்கும் ஒரு கருவி. கோபுரம் நன்றாகக் கேட்கும் இடத்தில் அது மெல்லப் பேசும். மலை மறைக்கும் இடத்தில் உரக்கக் கத்த வேண்டியிருக்கிறது. சமிக்ஞை முற்றாக அறுந்தால் மீண்டும் மீண்டும் தேடுகிறது. ஆகவேதான் எவரும் அழைக்கவே முடியாத பள்ளத்தாக்கில் மின்கலம் விரைவாகக் காலியாகிறது. மலைக்குளிரும் அதன் வலுவைக் குறைக்கிறது. விமானப் பயன்முறைக்கு மாற்றினால் இந்தத் தேடல் நின்றுவிடும். செய்மதியிலிருந்து வரும் இடங்காட்டும் சமிக்ஞையைப் பெரும்பாலான தொலைபேசிகள் அந்நிலையிலும் பெறும். புறப்படுமுன் அப்பகுதியின் வரைபடத்தைத் தரவிறக்கி வைத்திருந்தால், இணையம் இல்லாமலே வழி தெரியும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடலாம். மின்கலத்தை முற்றாக வடியவிட்டுப் பின்னர் முழுமையாக ஏற்ற வேண்டும் என்று இன்றும் பலர் நம்புகின்றனர். அது பழைய நிக்கல் கட்மியம் மின்கலங்களின் காலத்து அறிவுரை. இன்றைய லித்தியம் மின்கலத்துக்கு முற்றாக வடிவதும் நல்லதல்ல, இரவு முழுவதும் நூறு விழுக்காட்டில் சூடாகிக் கிடப்பதும் நல்லதல்ல. நடுத்தரமாக வைத்திருந்தால் நீண்ட நாள் உழைக்கும்.

மின்சாரத்தை அளந்து செலவிடும் கலையில் எம்மவருக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றுபோனது. பல ஆண்டுகளுக்கு அது திரும்பவில்லை. பொருளாதாரத் தடைப் பட்டியலில் மின்கலங்களும் இருந்தன. இரவில் ஜாம் போத்தல் விளக்கு. செய்தி கேட்பதற்குத் துவிச்சக்கரவண்டி. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயரை வானொலிப்பெட்டிக்கு இழுத்து, வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் மிதிக்க, பெரியவர்கள் சுற்றியமர்ந்து கேட்பார்கள். மிதிப்பவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும். தீர்ந்துபோன மின்கலங்களை வெயிலில் காயவைத்து, மேலும் சில நிமிடங்களைப் பிழிந்தெடுத்த வீடுகளும் இருந்தன.

அன்று பத்திரிகையில் பணியாற்றிய எமக்கு அந்தச் சில நிமிடங்கள் தொழிலின் உயிர்நாடி. எனவே எந்த நேரத்துக்கு எந்த அலைவரிசை என்பது மனப்பாடம். செய்தி தொடங்கும் நேரத்துக்குச் சரியாக மிதிக்கத் தொடங்கி, முடிந்த மறுகணம் நிறுத்துவோம். பாட்டுக்கு மிதிப்பதில்லை. கேட்டதைக் குறித்துக்கொண்டு, அதன் பின்னர் அதைப்பற்றிப் பேசுவோம், சந்தேகிப்போம், எழுதுவோம். ஒரு செய்திக்கும் அடுத்த செய்திக்கும் இடையே பல மணி நேரம் இருந்தது. அந்த இடைவெளியில்தான் நாம் சிந்தித்தோம்.

அக்காலத்தை இனிமையானதாகச் சித்திரிக்கும் எண்ணம் எனக்கில்லை. அந்த இருளை நாம் விரும்பி ஏற்கவில்லை. ஆளி இன்னொருவர் கையில் இருந்தது. உறவினர் உயிரோடு இருக்கின்றனரா என்று அறிய வாரக்கணக்கில் கடிதத்துக்குக் காத்திருந்த தாய்மார்களிடம், 'தொடர்பற்றிருப்பது மனதுக்கு நல்லது' என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்.

பிற்காலத்தில் முழு நாடும் இதனைச் சிறிது சுவைத்தது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில், திகனையிலும் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம் மக்களுக்கெதிரான வன்முறை வெடித்தபோது, முகநூலையும் வாட்ஸ்அப்பையும் அரசாங்கம் சில நாட்கள் முடக்கியது. வெறுப்பைப் பரப்பியவர்களின் கையிலிருந்த கருவியைப் பறிப்பதே நோக்கம் என்றனர். ஆயின், ஊரடங்கு வேளையில் அடுத்த ஊரிலிருக்கும் மகளின் நலம் விசாரிக்கும் வழியும் அதனோடு சேர்ந்தே அடைபட்டது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரலில் மக்கள் வீதிக்கு இறங்கியபோதும் அதே முடக்கம் மீண்டும் வந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டையும் கண்டோம். பிறர் திணிக்கும் மௌனத்தில் மனம் ஓய்வதில்லை. அச்சம்தான் மிகுகிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மலைநாடு முழுவதும் மண்சரிவுகள். நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாத்தளை மாவட்டமும் தப்பவில்லை. மின்சாரம் இல்லை, கேபிள்கள் அறுந்துபோயின, கோபுரங்கள் பல செயலிழந்தன. கொழும்பிலிருந்து அந்தச் சாரதித் தம்பியின் இலக்கத்துக்கு நான் எடுத்த அழைப்பெல்லாம் வீணாயின. கனடாவிலும் இலண்டனிலும் இருந்து எத்தனை ஆயிரம் பேர் அந்நாட்களில் இவ்வாறு மலைநாட்டு இலக்கங்களை அழுத்திக்கொண்டிருந்திருப்பர்!

நான்காம் நாள் மாலை ஆறு மணிக்கு ஒரு 'ரிங் கட்' வந்தது. உடனே திருப்பி அழைத்தேன். தாயும் அவரும் லயன் அறையை விட்டு வெளியேறிப் பாடசாலை மண்டபமொன்றில் தங்கியிருந்தனர். கடைக்காரர் ஒருவரின் லொறி மின்கலத்திலிருந்துதான் அங்கிருந்த அனைவரின் தொலைபேசிகளுக்கும் மின்னேற்றமாம். ஆகவே அவர் ஓர் ஒழுங்கு வகுத்திருந்தார். காலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம், மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம். மற்ற நேரமெல்லாம் அணைத்துவைப்பு. உறவினர்க்கு அந்த நேரங்கள் தெரியும். திறந்திருக்கும் பத்து நிமிடத்தில் முதலில் மண்சரிவு எச்சரிக்கை, பின்னர் உறவினர், நேரம் மிஞ்சினால் மற்றவை. டைனமோவை மிதித்து நாம் கடைப்பிடித்த அதே ஒழுங்கை, அக்காலத்தில் பிறந்தேயிராத ஓர் இளைஞர், எமது ஊருக்கு வெகு தொலைவிலுள்ள ஒரு மலையில் தாமாகவே கண்டுபிடித்திருந்தார்.

அவர் மேலும் ஒன்று சொன்னார். "மெசேஜ் சிங்களத்துல வந்துச்சுங்க ஐயா. நான் வாசிச்சு எல்லாருக்கும் சொன்னேன்." எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற முறைப்பாடு அப்போது பல இடங்களிலும் எழுந்தது. சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அந்த லயன் வரிசையில் இல்லாதிருந்தால், கையில் தொலைபேசி இருந்தும் பயன் என்ன? மலைச்சரிவில் வாழும் தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை இது உயிர் பற்றிய விடயம். அரசு நிறுவனங்கள் இதனை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

எப்போது அணைப்பது என்ற கேள்விக்கு இப்போது வருவோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் விடுக்கிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும் என்பது பொருள். நீங்கள் இருக்கும் இடத்துக்கு இவற்றில் எந்த நிறம் இருந்தாலும் தொலைபேசியை நாட்கணக்கில் மூடிவைக்காதீர்கள். மின்கலத்தைச் சேமிக்க வேண்டுமாயின், அந்தத் தம்பியைப் போல் நேரம் குறித்துத் திறவுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை ஒரு தாளிலும் எழுதி வைத்திருங்கள்.

சாதாரண நாட்களில் நான் கடைப்பிடிப்பவை சில. எவரேனும் மனிதர் எனக்கென்றே அனுப்பும் செய்திக்கு மட்டும் தொலைபேசி ஒலி எழுப்பலாம். செய்தித் தளங்கள், கடைகள், குழுமங்கள் எல்லாவற்றின் அறிவிப்புகளையும் நிறுத்திவிட்டேன். நாற்பது ஆண்டுகள் செய்தியை விற்றுப் பிழைத்தவன் சொல்கிறேன், நாளுக்கு இருமுறை பார்த்தால் போதுமானது. அவசரம் என்று வருவதில் பெரும்பகுதி மறுநாள் காலையில் அவசரமாக இருப்பதில்லை. இரவு ஒன்பது மணிக்குப் பின் 'தொந்தரவு செய்யாதே' என்ற அமைப்பை இயக்கிவிடுவேன். மகள், தம்பி, அடுத்த வீட்டார் ஆகியோருக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. சில நிமிடங்களுக்குள் இரண்டாம் முறை அழைப்பவரின் அழைப்பையும் அது அனுமதிக்கும். தூங்கும் அறைக்குள் தொலைபேசி வராது. பழைய அலாரம் கடிகாரம் ஒன்று அதன் வேலையைச் செய்கிறது.

வேலை முடிந்த பின்னர் தொழில் அழைப்புகளைப் புறக்கணிக்கும் உரிமைக்கான சட்டங்கள் பிரான்ஸில் 2017இலும் அவுஸ்திரேலியாவில் 2024இலும் நடைமுறைக்கு வந்தன. நல்ல சட்டங்கள். ஆனால் நிறுவனத்துக்கு எதிரான உரிமையைத்தான் சட்டம் தரும். நமக்காக வீட்டில் விழித்திருப்பவர்களுக்கு நாம் செய்யவேண்டியதைச் சட்டத்தால் எழுத இயலாது.

அடுத்த விடுமுறையில் நீங்கள் ரிவர்ஸ்டனுக்குச் செல்லக்கூடும். வானிலை அறிக்கையைப் பாருங்கள். வரைபடத்தைத் தரவிறக்கிக் கொள்ளுங்கள். எங்கே செல்கிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை ஒருவரிடம் சொல்லுங்கள். இரத்தோட்டை தாண்டியதும், மலையேற்றம் தொடங்குமுன், ஒரு மணி அடித்துத் துண்டித்துவிட்டு அணையுங்கள். இறங்கியதும் இரண்டு மணி அடிக்க மறவாதீர்கள்.