எல்லையோரம் – 4: அவ்வா வீட்டுக் களி

பருவம் முடிந்து பூட்டிக் கிடந்த மாங்கூழ் ஆலைகளைப் பற்றிப் போன வாரம் எழுதினேன். அங்கிருந்து ஓசூர் பஸ். சூளகிரி தாண்டியதும் காற்று மாறிவிட்டது. ஏறத்தாழ 3000 அடி உயரம். மார்கழியில் பகல் பதினோரு மணிக்கும் வெயில் உறைக்கவில்லை.

இந்த ஊரில் எனக்கு அக்கா வீடு இருக்கிறது. அத்தான் அம்பாசமுத்திரத்துக்காரர். 1970-களில் சிப்காட் வந்து, 1980-ல் டிவிஎஸ் மொபெட்டும் லேலண்ட் லாரியும் இங்கே உருவாகத் தொடங்கிய பிறகு, தெற்கிலிருந்து ஐடிஐ சான்றிதழோடு ரயிலேறியவர்களில் ஒருவர். அக்கா இன்னும் ‘ஊருக்குப் போறோம்’ என்றால் அம்பாசமுத்திரத்தைத்தான் சொல்கிறாள். அந்தக் குடியிருப்பில் பாதிப் பேர் அப்படித்தான். வீட்டுக் கடன் ஓசூரில், குலதெய்வம் வேறெங்கோ.

அக்கா மகன் கட்டியிருப்பது தளிப் பக்கத்துப் பெண்ணை. வீட்டில் தெலுங்கு. பெண் பார்க்கப் போனபோது எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியவர், “ஓசூரே பாதி கர்நாடகம், இதுல தெலுங்கு வேறயா” என்று முணுமுணுத்தார். இந்தப் பேச்சைத் தெற்கே நிறையக் கேட்கலாம். ஆனால் சம்பந்தி வீட்டார் எங்கிருந்தும் நேற்று வந்தவர்கள் இல்லை. மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956-ல் சென்னை மாநிலத்தோடு நின்ற மண் இது. அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே இங்கே தெலுங்கும் கன்னடமும் தமிழும் உருதும் ஒரே சந்தையில் விலை பேசியிருக்கின்றன. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் ஓசூருக்குப் பக்கம்தான். வந்தேறி யார் என்று கணக்குப் பார்த்தால் என் அத்தான்தான் மாட்டுவார்.

மருமகள் படித்தது அரசுப் பள்ளியில், தெலுங்கு வழியில். 2006-ல் தமிழ் கற்றல் சட்டம் வந்ததிலிருந்து தமிழும் கட்டாயப் பாடம். இங்குள்ள சிறுபான்மை மொழிக் குடும்பங்களுக்கு அதில் வருத்தம் உண்டு. தாய்மொழியையும் தேர்வில் எழுத இடம் கேட்டுப் பல ஆண்டுகள் வழக்கும் மனுவுமாக அலைந்தார்கள். தமிழ் படிப்பது நல்லது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் இந்தியை எதிர்த்த மாநிலம், தன் வீட்டுக்குள் இருக்கும் சின்ன மொழிகளின் குரலை இன்னும் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம்.

கல்யாணத்துக்கு மறுநாள் எங்கள் பக்க வழக்கப்படி சொதிச் சாப்பாடு போட்டோம். தேங்காய்ப்பால், முருங்கைக்காய், பாசிப்பருப்பு, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. சம்பந்தி இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்: “இது பாயசத்துக்கு அப்புறமா, முன்னாடியா?” இன்றுவரை அக்கா அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

இந்த முறை அவர்கள் வீட்டு விருந்து. அவரைக்காய்ப் பருவம். பனி விழுந்த காய்க்குத்தான் வாசம் என்று மோந்து பார்த்து வாங்குகிறார்கள். கொட்டையை உரித்து இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் ஒவ்வொன்றாக விரலால் அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு எகிறி விழும். அதனால்தான் பிதுக்குப் பருப்பு. முறத்தைச் சுற்றி நாலைந்து பெண்கள். நடுவில் என் அக்கா. தெலுங்கில் யாரோ எதையோ சொல்ல, எல்லோருக்கும் முன்னால் அவள் சிரித்தாள். நானும் உட்கார்ந்தேன். என் விரலில் பாதிக்கு மேல் நசுங்கியது. “விடுங்கண்ணா, குழம்புல எல்லாம் ஒண்ணுதான்” என்றார் சம்பந்தியம்மா.

கொத்தமல்லி, பூண்டு, பச்சை மிளகாய், தேங்காய், ஒரு துண்டு பட்டை அரைத்து விட்ட குழம்பு. அதோடு கேழ்வரகுக் களி. அரிசி நொய் குழைந்ததும் மாவைக் கொட்டி, பானையைக் காலால் அண்டை கொடுத்துத் துடுப்பால் கிண்டுகிறார்கள். தோள் வலிக்கிற வேலை. சுடச்சுட உருட்டித் தட்டில் வைத்தார்கள். கிள்ளி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்க வேண்டும். நான் மென்றதைப் பார்த்த அக்கா பேத்திக்குத் தாங்கவில்லை. “தாத்தா, களிய கடிக்கக் கூடாது!”

அவளுக்கு ஐந்து வயது. அப்பாவைப் பெற்றவள் ஆச்சி, அம்மாவைப் பெற்றவள் அவ்வா. ஆச்சியிடம் அம்பாசமுத்திரத் தமிழ், அவ்வாவிடம் தெலுங்கு, தெருவில் பந்து விளையாடும்போது கன்னடம். சொந்த ஊர் எது என்று கேட்டேன். “ஓசூர்” என்றாள். யோசிக்கவே இல்லை. அந்த வீட்டில் இதைத் தயங்காமல் சொல்கிற முதல் ஆள் அவள். அத்தானுக்கு இன்னும் வாய் வரவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: மார்கழி, தை மாதங்களில் போங்கள். ஓசூரிலிருந்து தளிக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் பஸ் இருக்கிறது. சந்திரசூடேசுவரர் மலையைக் காலையிலேயே ஏறிவிடுங்கள். களி ஓட்டலில் கிடைக்கும். பிதுக்குப் பருப்பு நான் கேட்ட ஓட்டல்களில் இல்லை. அது யாராவது வீட்டில் உட்காரவைத்துப் போட்டால்தான் உண்டு. வீட்டில் கல்யாண வயதில் பிள்ளை இருந்தால், ஜாதகக் கட்டை ஓசூர்ப் பக்கமும் ஒருமுறை அனுப்பிப் பாருங்கள்.