குட்வில் எஸ்டேட்டில் ஒரு வீட்டு வண்டி

சென்னைத் துறைமுகத்திற் கப்பலேறி, ஏறக்குறைய மூன்று நாட்களைக் கடலிலே கழித்த பின்னர் போர்ட் பிளேர் நகரை அடையலாம். 2024ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் மத்திய அரசு இந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்னும் புதுப்பெயரை அறிவித்தது. எனினும் கடைத்தெருவில் நம் காதில் விழுந்தது பெரும்பாலும் பழைய பெயரே. இந்நகரைச் சார்ந்த குடியிருப்புகளுள் ஒன்று குட்வில் எஸ்டேட். எஸ்டேட் என்றவுடன் அன்பர்களுக்குத் தேயிலையும் ரப்பரும் நினைவுக்கு வரக்கூடும். நாம் கண்டவை வீடுகளும் தென்னைகளும் ஏறி இறங்கும் சந்துகளுமே. ஒரே தெருவில் தமிழும் வங்காளமும் தெலுங்கும் மலையாளமும் கேட்கின்றன. ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாத இடத்தில் ஹிந்தி வந்து நின்றுகொள்கிறது.

அங்கே நாம் ஐந்து நாட்கள் தங்கியிருந்த இல்லம், சிவகங்கைச் சீமையிலிருந்து இரண்டு தலைமுறைகளுக்கு முன்னர் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றினுடையது. வீட்டின் பக்கத்தில், தகரக் கொட்டகையின் கீழே, பழைய டெம்போ டிராவலர் வேன் ஒன்று நின்றது. இருக்கைகளிற் பாதியைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு கட்டில், மடக்கு மேசை, சிறிய கேஸ் சிலிண்டர் வைக்கும் அடுப்படி, தண்ணீர்த் தொட்டி, இரண்டு விளக்குகள், ஒரு மின்விசிறி ஆகியவற்றை அமைத்திருந்தனர். மேல்நாட்டார் மோட்டார் ஹோம் என்றும், நம் சினிமாக்காரர் கேரவன் என்றும் சொல்லும் இனத்தில் இது சிறியது. அவ்வீட்டுப் பிள்ளைகள் இதனை ‘வீட்டு வண்டி’ என்றே அழைக்கின்றனர். நாமும் அவ்வாறே குறிப்பிடுவோம்.

உல்லாசப் பயணத்திற்கு வாங்கிய வண்டி என்று காண்போர் எண்ணலாம். அன்று. நண்பருடைய தாயார், மூத்த மகனோடு ரங்கத்தில் வசிக்கிறார். முதுகு நோயினர். மருத்துவத்திற்குப் போர்ட் பிளேரிலுள்ள ஜி. பி. பந்த் மருத்துவமனைக்கு வரவேண்டும். ரங்கத்திலிருந்து அந்தமான் டிரங்க் ரோடு வழியே சுமார் 170 கிலோமீட்டர். நாம் சென்றபோது மிடில் ஸ்ட்ரெயிட் என்னும் கழியில் வண்டியைப் படகிலேற்றிக் கடந்தோம். அதன் பின்னர் ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு. அக்காட்டினூடே வண்டிகள் தனித்துச் செல்லலாகாது. குறித்த நேரத்தில், அணியாகச் சேர்ந்து, காவலோடு செல்லவேண்டும். இடையில் நிறுத்துதலும் படமெடுத்தலும் கூடா. இவ்விதி சரியானதே என்பது நம் கருத்து; காடு அவர்களுடையது. ஆயினும் முதுகு நோவுடைய மூதாட்டி ஒருவர் வாயிலிலும் படகுத்துறையிலும் பஸ் இருக்கையிலேயே நெடுநேரம் காத்திருத்தல் எளிதன்று. அந்நேரத்தில் அவர் படுத்திருப்பதற்கே கட்டில். வண்டி ஓடும்போது அவரைப் படுக்க விடுவதில்லை. சாய்விருக்கையில் பெல்ட் மாட்டி உட்காரவைக்கின்றனர். இதில் நண்பர் எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆக, இவ்வண்டி இன்றியமையாத வேலைக்கு ஓடும் நாட்கள் ஆண்டில் பத்தோ பன்னிரண்டோதான். எஞ்சிய நாட்களெல்லாம் நிற்கிறது. ஆனால் அந்தப் பத்து நாட்கள் எவை என்று முன்கூட்டி ஒருவருக்கும் தெரியாது.

நிற்கும் வண்டிக்கு என்ன கேடு வந்துவிடும் என்று கேட்பவர்கள் இத்தீவுகளின் மழையை அறியாதவர்கள். இங்கே தென்மேற்குப் பருவமும் பெய்கிறது. வடகிழக்குப் பருவமும் பெய்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர். சென்னையிற் பெய்வதைப்போல் இரு மடங்கு. மே மாதம் தொடங்கினால் டிசம்பர் வரை ஈரந்தான். காற்றிலோ கடல் உப்பு. மேலே பெயிண்ட் பளபளவென்றிருக்க, உள்ளே கதவின் அடிமடிப்பும் சேஸிஸின் மூலைகளும் துருப்பிடித்து உதிர்கின்றன. மடிப்புகளில் நீர் வடிவதற்கென்று தொழிற்சாலையார் விட்டிருக்கும் சிறு துளைகள் மண்ணால் அடைபடுதலே இதற்கு முதற்காரணம். நண்பர் மாதந்தோறும் ஒரு கம்பியால் அத்துளைகளைக் குத்திவிடுகிறார். காசில்லாத வேலை, ஆனால் டிங்கரிங் பட்டறைக்குக் கொடுக்கும் பெருந்தொகையை இதுவே மிச்சப்படுத்துகிறது. துருவைச் சுரண்டாமல் அதன்மேல் பெயிண்ட் பூசுவது, புண்ணின்மேல் பட்டுத்துணி போர்த்துவதற்கு ஒப்பாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நடந்ததை நண்பர் சொன்னார். ஒரு நாள் மாலை ரங்கத்திலிருந்து அண்ணனுடைய தொலைபேசிச் செய்தி: “அம்மாவுக்கு முடியவில்லையப்பா, காலையில் வந்துவிடு.” விடியுமுன் ஜிர்காடாங் வாயிலுக்குச் சென்று முதல் அணியிற் சேரவேண்டும். இரவு மூன்றரை மணிக்கு நண்பர் வண்டியைக் கிளப்பினார். எஞ்சின் முதல் திருகலிலேயே உறுமிற்று. வண்டி மட்டும் நகரவில்லை! இரண்டு மாதம் ஹேண்ட் பிரேக்கை இழுத்தபடியே நிறுத்தியிருந்ததால், பின்சக்கரத்தின் பிரேக் ஷூவும் டிரம்மும் துருவினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைச் சுத்தியலாற் சுற்றிலும் தட்டி விடுவிப்பதற்குள் பொழுது விடிந்து முதல் அணியும் போய்விட்டது. தாயார் அன்று அக்கம்பக்கத்தாருடைய ஜீப்பில் வந்து சேர்ந்தார். வந்தபின் மூன்று நாட்கள் எழுந்திருக்கவில்லை.

அன்று முதல் அவ்வீட்டில் ஹேண்ட் பிரேக் போட்டு வண்டியை நிறுத்திவைக்கும் வழக்கம் ஒழிந்தது. வண்டியை கியரில் விட்டு, சக்கரங்களின் முன்னும் பின்னும் மர ஆப்புகளை அடைகொடுக்கின்றனர். ஆப்புகள் பழைய வீட்டு உத்திரத்தில் மிஞ்சிய படாக் மரத்துண்டுகள். அந்தமானுக்கே பெயர் வாங்கித்தந்த செம்மரம் இது. கறையானும் ஈரமும் இதனிடம் எளிதில் செல்லா.

இவ்விடத்தில் நம் தொழிலறிவு சற்றே குறுக்கிடுகிறது, அன்பர்கள் பொறுப்பார்களாக. ரயில் இல்லாத இத்தீவில் ரயில்வே எழுத்தருக்கு என்ன வேலை என்று நண்பரே கேலி செய்தார். ஆனால் நிலையத்தில் நெடுநேரம் நிறுத்திவைக்கும் பெட்டித்தொடரை நாங்களும் பிரேக் ஒன்றையே நம்பி விட்டுவிடுவதில்லை. சக்கரத்தின் அடியில் ஆப்பு வைத்து, தண்டவாளத்தோடு சங்கிலியிட்டுப் பூட்டுகிறோம். நம் முன்னோரும் இதனை அறிந்திருந்தனர். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்புச் சக்கரங்களும் பிரேக்கும் பொருத்தியிருக்கின்றனர். ஆயினும் தேரோடும் நாளில் முட்டுக்கட்டைக்காரர்கள் சக்கரத்தை விட்டு அகல்வதில்லை.

அடுத்த வீட்டுத் தெலுங்கர் ஒருவர் மாலைதோறும் வந்து உரையாடுவார். என். டி. ராமராவ் 1982, 83ஆம் ஆண்டுகளில் பழைய செவர்லே வேன் ஒன்றைச் ‘சைதன்ய ரதம்’ ஆக்கி, அதிலேயே உண்டு உறங்கி ஆந்திரம் முழுதும் வலம் வந்ததை அவர் பெருமையோடு நினைவூட்டினார். பழைய வண்டி என்பதனால் ஒன்றும் குறைவில்லை என்பது அவர் வாதம். உண்மையே, ஆனால் அது நாள்தோறும் ஓடிய வண்டி.

நின்றவாறே தினம் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் போதும் என்று பலர் நம்புகின்றனர். இதனால் நன்மையைவிடத் தீமையே மிகுதி. எஞ்சின் நன்றாகச் சூடேறுவதற்குமுன் நிறுத்திவிட்டால், எரிதலில் உண்டாகும் நீராவி சைலன்சரிலும் எஞ்சின் ஆயிலிலும் தங்கிவிடுகிறது. பாட்டரியும் இழந்ததைத் திரும்பப் பெறுவதில்லை. மாதம் இருமுறை இருபது முப்பது கிலோமீட்டர் உண்மையாகவே ஓட்டவேண்டும். அப்போதுதான் டயரும் ஒரே இடத்தில் அழுந்தாமல் இருக்கும், பிரேக்கும் உலரும். நண்பர் வண்டூர் சாலையில் ஓட்டிவருகிறார். கடற்கரை மணலில் மட்டும் இறக்குவதில்லை. திரும்பியதும் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவவேண்டும். இங்கேதான் சங்கடம். மழை இவ்வளவு பெய்யும் ஊரில் கோடைத் தொடக்கத்தில் குடிநீருக்குத் தட்டுப்பாடு! குழாய் நீர் நாள் விட்டு நாள் வருவதும் உண்டு. “சமையலுக்கு வைத்த டிரம்மில் கை வைக்காதீர்கள்” என்று வீட்டு அம்மையார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கொட்டகைக் கூரையிலிருந்து வடியும் மழைநீரைத் தனியே இரண்டு பீப்பாய்களிற் பிடித்து அதற்கெனவே வைத்திருக்கின்றனர்.

கொட்டகையும் யோசித்துப் போட்டதே. மேலே தகரம், நாற்புறமும் திறப்பு. தார்ப்பாயால் இறுகப் போர்த்திய வண்டி, ஈரத்தை உள்ளேயே காத்துவைத்து அழுகுகிறது. தென்னையின் நேர்கீழே நிறுத்தலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! தாழ்ந்த நிலமும் கூடாது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையின்போது தென் அந்தமானின் நிலமே தாழ்ந்துவிட்டதனால், சிப்பிகாட் வயல்களிற் கடல் புகுந்து தங்கிவிட்டதை இன்றும் காணலாம். உப்புநீர் ஒருமுறை ஏறிய வண்டியை மீட்பது அரிது.

வண்டிக்குள் மெத்தையை நிமிர்த்திச் சாத்தியிருந்தனர்; அலமாரிக் கதவுகளெல்லாம் திறந்திருந்தன; ஜன்னல்களிற் கொசுவலை. அடுப்புக்கரியை மண்சட்டியில் வைத்தால் நாற்றம் குறையும் என்பது சரி. ஈரத்தைப் போக்குவது காற்றோட்டமே. தண்ணீர்த் தொட்டியை வடித்துக் காயவைக்கின்றனர். இல்லையேல் அது கொசுப்பண்ணை. டீசல் தொட்டியை மட்டும் நிரம்ப வைக்கின்றனர். பாதி காலியானால் உள்ளே ஈரக்காற்று குளிர்ந்து நீராகி டீசலோடு கலக்கும். ஓட்டம் இல்லாத நாட்களில் பாட்டரியின் நெகடிவ் இணைப்பைக் கழற்றிவைப்பதும் வழக்கம். டயரில் நான்கு இலக்க முத்திரை ஒன்று உண்டு. ‘2319’ என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்தது. பட்டை தேயாமலே டயர் கிழடாகும். நிற்கும் வண்டிக்காரர் பார்க்கவேண்டியது அந்த இலக்கத்தையே. எலி நுழையாதிருக்க சைலன்சர் வாயில் கம்பிவலை கட்டியிருந்தது. அதனை மறந்து கிளப்பிவிடாமல் இருக்க ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி ஒன்று தொங்கிற்று. இந்தத் துணி நம் யோசனை என்பதைச் சற்றே பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம்.

கேஸ் விஷயத்தில் அன்பர்கள் எத்துணை எச்சரிக்கையாயிருந்தாலும் மிகையன்று. எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையிற் படிந்து தங்கும். ஆகவே அடுப்படியின் கீழே தரையில் வெளிப்போக்குத் துளை ஒன்று இருத்தல் வேண்டும். வண்டி நிற்கும் காலத்தில் சிலிண்டரைக் கழற்றி, காற்றோட்டமுள்ள வெளியிடத்தில் நிமிர்த்தி வைக்கவேண்டும். ரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். கண்ணுக்கு நன்றாயிருந்தாலும் மாற்றவேண்டும். மழைக்கு அஞ்சி ஜன்னலையெல்லாம் மூடி, குளிருக்கு அடுப்பை எரியவிட்டு உறங்கினால், எரிதலிற் பிறக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, உறங்கியவர் எழுந்திரார். அவ்வீட்டில் சமையல் முடிந்ததும் சிலிண்டர் வால்வை மூடுவது மூத்த பேரனுடைய வேலை. மூடிவிட்டு “அப்பத்தா, மூடியாச்சு” என்று உரக்கச் சொல்லவும் வேண்டும். சாவி பிள்ளைகள் கைக்கு எட்டாத ஆணியில் தொங்குகிறது. பூட்டிய வண்டிக்குள் வெயில் நேரத்தில் சிறுபிள்ளைகள் அகப்படுதல், ஊரெங்கும் நடக்கும் கொடுமையன்றோ.

காகிதங்களையும் மறக்கலாகாது. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் வண்டியைக் காட்டித் தகுதி பெற்று, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கவேண்டும். கட்டில் அடுப்பு என்று உள்ளமைப்பை மாற்றினால் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. நண்பர் அதனை முறைப்படி வாங்கிப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றியிருக்கிறார். விபத்து நேர்ந்து இன்ஷூரன்ஸ்காரரிடம் போகும் நாளில்தான் அந்த ஒரு வரியின் விலை தெரியும்.

நாம் புறப்படுவதற்கு முன்னாள் தாயாரை ரங்கத்திலிருந்து அழைத்துவந்தனர். நாமும் உடன் சென்றோம். படகுத்துறையில் வரிசை நீண்டிருந்தது. அம்மையார் கட்டிலிற் படுத்தபடி, “தம்பி, மேலே பாரப்பா, மூலையில் நனைஞ்சிருக்கு” என்று மகனிடம் கை காட்டினார். பார்த்தால், பின்பக்க இடது மூலையில் பிளைவுட் கை வைத்தவுடன் அமுங்கிற்று. கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் மூட்டில் ரப்பர் பீடிங் வெடித்திருக்கிறது. மேலே தாரைப் பூசுவதாற் பயனில்லை. பிப்ரவரியில் மழை ஓய்ந்த பின்னர் பீடிங்கை முழுதும் உரித்து, உள்மரத்தை ஒரு வாரம் காயவிட்டு, புதிதாக வைக்கவேண்டும். அந்த அளவுள்ள பீடிங் இங்கே கடைகளிற் கிடைக்கவில்லையாம். பழைய துண்டில் ஓர் அங்குலம் வெட்டி, காகிதத்தில் மடித்து, ‘பதினான்கு அடி’ என்று மேலே எழுதி நம் கையிற் கொடுத்தனர். சென்னையில் வாங்கி அடுத்த கப்பலில் அனுப்புவதாகச் சொல்லி வந்திருக்கிறோம்.