பாலோவில் ஒரு முந்நூறு வெள்ளி லென்ஸ்

குளுவாங் ரயில் நிலையக் கோப்பிக் கடையில் பசியாறிவிட்டுத்தான் பாலோவுக்குப் போவது எங்கள் குடும்ப வழக்கம். 1938 முதல் இருக்கும் கடை அது. வாட்டிய ரொட்டியும் காயாவும் வரும்வரை, புதிதாக வாங்கிய லென்ஸை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. முழுக்க உலோகம். மூடியைக்கூட அழுத்திப் போட முடியாது, மரையாகத் திருகவேண்டும். விலை 310 வெள்ளி.

இந்த விலைக்கு எப்படிக் கொடுக்கிறார்கள் என்று மனைவி கேட்டாள். உள்ளே மோட்டாரும் இல்லை, மின்சுற்றும் இல்லை என்பதுதான் பதில். கண்ணாடித் துண்டுகளும் இரண்டு வளையங்களும் மட்டுமே. ஒரு வளையம் ஃபோகஸ், மற்றது வெளிச்சம் நுழையும் துளையின் அளவு. இரண்டையும் விரலால்தான் திருப்பவேண்டும். சீனாவின் ஷென்சென் நகரத்திலிருந்து செவன்ஆர்டிசன்ஸ், டிடிஆர்டிசன் போன்ற நிறுவனங்கள் கடந்த சில ஆண்டுகளாக இந்த வகை லென்ஸ்களை விற்கின்றன. என்னுடையதும் இந்த வகையில் ஒன்று: 35 மில்லிமீட்டர், எஃப் 1.4. தானாக ஃபோகஸ் ஆகும் இதே அளவு லென்ஸ் வாங்கப் போனால் மூன்று நான்கு மடங்காவது கொடுக்கவேண்டும். சம்பளத்தில் கார் தவணையும் வீட்டு வாடகையும் போன பிறகு எனக்கு அது கட்டுப்படியாகாது.

அன்றைய பயணத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. அப்பா இறந்தபோது மாலை போட நல்ல படம் ஒன்றுகூட இல்லை. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டினோம். அதில் அப்பா யாருக்கோ பயந்தவர் மாதிரி இருப்பார். அத்தை அதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், "எனக்கு இப்படிச் செஞ்சிராதீங்கய்யா" என்றார். அவருக்கு இப்போது 74 வயது.

பாலோ சின்ன ஊர். ரயில் பாதையில் பெக்கோக்குக்கும் குளுவாங்குக்கும் நடுவில் இருக்கிறது. கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை 192 கிலோமீட்டருக்கு இரட்டைத் தண்டவாளம் போட்டு மின்சார ரயிலுக்கு மாற்றிய திட்டத்தில், இந்தப் பக்கத்துச் சிற்றூர்களின் நிலையங்களெல்லாம் புது முகம் பெற்றுவிட்டன. கடைத்தெரு மட்டும் அப்பா சொன்ன கதைகளுக்குப் பொருந்துகிற மாதிரி இன்னும் இருக்கிறது. பழைய கடைவீடுகள், மரப் பலகைக் கதவுகள், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வயதானவர்கள். ஊரைத் தாண்டினால் செம்பனை. முன்பு இதெல்லாம் பால்மரக் காடு.

கடைத்தெருவில் அரை மணி நேரம் நடந்தேன். முதலில் ஒன்றுமே சரியாக வரவில்லை. கேமராவுக்கு லென்ஸ் மாட்டியிருப்பதே தெரியாது, படமெடுக்க மறுத்தது. 'லென்ஸ் இல்லாமலும் படமெடு' என்ற அமைப்பைத் தேடித் திறந்துவிட வேண்டியிருந்தது. (இதை வாங்கும் எல்லாரும் முதல் நாள் இதில்தான் மாட்டுவார்கள் என்று நினைக்கிறேன்.) அடுத்து, சைக்கிளில் வந்த ஒருவரை எடுக்க வளையத்தைத் திருப்புவதற்குள் அவர் முனை திரும்பிவிட்டார்.

அப்புறம்தான் பழைய ஆட்களின் முறை நினைவுக்கு வந்தது. துளையை எஃப் 8-க்குச் சுருக்கி, ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்திவிடுவது. என் கேமராவில் அப்படி வைத்தால் ஏறத்தாழ 2.2 மீட்டரிலிருந்து 4.9 மீட்டர் வரை எது வந்தாலும் தெளிவாக இருக்கும். பிறகு வளையத்தைத் தொடவே வேண்டாம். ஆள் அந்தத் தூரத்துக்குள் வரும்போது அமுக்கினால் போதும். இந்த ஒரு விஷயத்தில் மோட்டார் வைத்த லென்ஸைவிட இது வேகம்.

அத்தை இன்னும் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறார். பால் வெட்டிய காலத்திலிருந்து, பிறகு செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிய காலம்வரை அதே வீடு. இப்போது மகனுக்குத் தோட்டத்தில் வேலை இருப்பதால் வீடும் இருக்கிறது. அடுத்த ஆண்டு மகன் ஓய்வு பெற்றதும் காலி செய்யவேண்டும்.

புடவை மாற்றி, பௌடர் போட்டு, வாசலில் வந்து உட்கார்ந்தார். நான் எஃப் 1.4-க்குத் திறந்தேன். இந்த லென்ஸை எல்லாரும் வாங்குவதே இதற்காகத்தானே, முகம் தெளிவாகவும் பின்னணி பஞ்சு மாதிரி கரைந்தும் வருவதற்கு. ஆனால் ஒரு மீட்டர் தூரத்தில், அந்தத் துளையில் தெளிவாக இருக்கும் ஆழம் நாலரை சென்டிமீட்டர்தான். கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் காது கலங்கிவிடும். அத்தை பேசும்போது தலையை ஆட்டுவார். அவ்வளவுதான், கண்ணும் போயிற்று. திரையைப் பெரிதாக்கி, வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, 40 படம் எடுத்தேன். தேறியது 11. வெயில் நேராக லென்ஸில் விழுந்தவற்றில் வெள்ளைப் புகை படிந்திருந்தது. ஓரங்கள் கொஞ்சம் மழுங்கல். இவ்வளவு நேரம் ஆனதில் ஒரு நன்மை, அத்தை கேமராவை மறந்துவிட்டார். கங்காணி திட்டியது, விடியற்காலைப் பிரட்டுக்கு ஓடியது, அப்பாவைப் பள்ளிக்கு அனுப்பத் தான் படிப்பை விட்டது என்று பேசிக்கொண்டே போனார். கைத்தொலைபேசியில் எடுத்திருந்தால் இரண்டே நிமிடத்தில் முடிந்திருக்கும், அந்தப் பேச்சும் வந்திருக்காது.

தேறிய பதினொன்றில் ஒன்று, நானே சொல்லக் கூடாது, அருமை. வெற்றிலைச் சிவப்பேறிய உதட்டில் பாதிச் சிரிப்பு. பின்னால் பச்சையும் மஞ்சளுமாக ஒரு மங்கல். பெருமையாகத் திரையை நீட்டினேன்.

அத்தை கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான்யா இருக்கு. வீடு எங்க?"

"பின்னால இருக்கு அத்தே. அதை வேணும்னுதான் மங்கலாக்கியிருக்கேன்."

"ஏன்? அது என்ன பண்ணுச்சு?"

எனக்குப் பதில் இல்லை. இந்த லென்ஸைப் பற்றி நான் படித்த ஆய்வுகள் அத்தனையும் பின்னணி எவ்வளவு அழகாகக் கரைகிறது என்றே பேசின. கரையவேண்டிய பின்னணியா இது என்று யாரும் கேட்டதில்லை.

நாற்காலியைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டர் முன்னால் போட்டேன். நான் இன்னும் மூன்று மீட்டர் தள்ளி நின்றேன். காலையில் கடைத்தெருவில் வைத்த அதே எஃப் 8, அதே 3 மீட்டர். ஓரத்து மழுங்கல் இப்போது தேடினாலும் தெரியவில்லை. பலகைச் சுவர், கதவு எண், சன்னல் கம்பியில் காயும் துண்டு எல்லாம் விழுந்தன. இன்னும் பின்னால் மாமா நட்ட மாமரம் கொஞ்சம் மென்மையாக, ஆனால் மாமரம் என்று தெரியும்படி வந்தது.

அதனால் வாங்கலாமா என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு: ஓடும் பிள்ளைகளையும் கல்யாண மேடையையும் எடுக்க இது வேண்டாம், அழுகைதான் மிஞ்சும். உட்கார்ந்து பேசும் மனிதர்களும் நகராத இடங்களும் உங்கள் விருப்பம் என்றால் தாராளமாக வாங்கலாம். ஒரு சின்னக் குறிப்புப் புத்தகமும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் துளையில் எடுத்தோம் என்று படத்தோடு பதிவாகாது, நாமேதான் எழுதிக்கொள்ளவேண்டும்.

படத்தைக் குளுவாங்கில் அச்சிட்டு அடுத்த வாரம் கொண்டுபோனேன். அத்தை முதலில் தன் முகத்தைப் பார்க்கவில்லை, கதவு எண்ணைத்தான் விரலால் தடவினார். மாலை போடும் படம் அதுதான் என்று முடிவாகிவிட்டது. காலி செய்வதற்குள் அடுப்படியையும் சாமி அறையையும் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார். இரண்டிலும் வெளிச்சம் குறைவு. அங்கே எஃப் 1.4 தேவைப்படும்.