மலைவழியே மோட்டார்ப் பந்தயத்துக்கு

மோட்டார்ப் பந்தயம் என்று சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பது வழக்கம். பெட்ரோலுக்கும் கேடு, காதுக்கும் கேடு, பிள்ளைகளின் புத்திக்கும் கேடு என்பது அவர்கள் கட்சி. எங்கள் இல்லத்தில் இவ்வாண்டு அந்தக் கட்சி தோற்றுவிட்டது. களமசேரியிலிருந்து கோயமுத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்துக்குச் சென்று, அங்குள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடைபெறும் பந்தயத்தைக் குடும்பத்தோடு கண்டு வருவதென்று தீர்மானித்திருக்கிறோம். தீர்மானம் எளிதில் ஆயிற்று. எந்த வழியாகப் போவது என்பதில்தான் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. சங்கத்து அன்பர்களுள் பலர் விடுமுறையில் இத்தகைய பிரயாணத்தை எண்ணக்கூடுமாதலால், எங்கள் யோசனைகளை இங்கே விரித்துரைக்கிறோம்.

செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் 2003-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. சுற்றளவு 2.1 கிலோமீட்டர்தான். சென்னைக்கருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் அமைந்த தடத்தோடு ஒப்பிட்டால் சிறியது. ஆயினும் கோவைக்கு மோட்டார்ப் பைத்தியம் பழையது. 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடுவின் ஊர் அல்லவா! ‘கரி’ என்ற பெயரைப் பார்த்து எங்கள் வீட்டுச் சிறுமி நிலக்கரி என்று எண்ணிவிட்டாள். அது கரிவர்தன் என்பவரின் பெயர்ச் சுருக்கம். கோவையின் ஆலைக் குடும்பமொன்றில் பிறந்த அவர், மாருதி 800 காரின் எஞ்சினைக்கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை வடிவமைத்து, பெருஞ்செல்வர் அல்லாத இளைஞரும் பந்தயத்தில் இறங்க வழிசெய்தார். 1995-இல் விமான விபத்தொன்றில் காலமானார். கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயனும் முதன்முதலில் ஓட்டிய பந்தயம் அந்த ஃபார்முலா மாருதி வண்டியில்தான். 2005-இல் அவர் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ஒரு காலத்தில் நடந்த பந்தயங்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் ஒரு பெருமை உண்டு என்பதை மறைப்பானேன்?

இனி வழிக்கு வருவோம். நேர்வழி யாவரும் அறிந்ததே. தேசிய நெடுஞ்சாலை 544-இல் ஏறி, ஆலுவாய், அங்கமாலி, சாலக்குடி, திருச்சூர் கடந்து, குதிரான் சுரங்கத்தில் நுழைந்து, பாலக்காடு, வாளையாறு வழியாகக் கோவை சேரலாம். ஏறத்தாழ 180 கிலோமீட்டர். 2021 ஜூலை 31 அன்று குதிரானின் முதற்குழாய் திறக்கப்படும்வரை அந்த ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் காத்துக் கிடந்தவர்கள், இப்போது ஒரு கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைந்த சுரங்கத்தை ஒரு நிமிஷத்தில் கடக்கிறார்கள். எங்கள் தம்பி மகனுக்கு இந்த வழியே பிடித்திருந்தது. பத்தொன்பது வயது, ஓட்டுநர் உரிமம் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. “நாலு மணி நேரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன், பெரியப்பா” என்றான். அவன் நிறுத்திவிடுவான் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. எதில் கொண்டுபோய் நிறுத்துவான் என்பதே கவலை.

மற்றொரு வழி, சாலக்குடியில் வலப்புறம் திரும்பி அதிரப்பள்ளி, வாழச்சால், மலக்கப்பாறை, வால்பாறை, ஆழியாறு, பொள்ளாச்சி என்று ஆனைமலையைக் குறுக்கே கடந்து செல்வது. தூரம் 240 கிலோமீட்டருக்குக் குறையாது. நேரமோ இரு மடங்கு. இதைக் கேட்டவர் எங்கள் தந்தையார். எண்பதை நெருங்கும் அவர், இதுவரை எந்தப் பிரயாணத்துக்கும் வழி சொன்னதில்லை. அவர் பிறந்தது வால்பாறைத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணியின் பின்னால் மலையேறிய குடும்பம். இருபதாம் வயதில் தொழிற்சாலை வேலை தேடிக் களமசேரிக்கு வந்தவர், பெற்றோர் காலமான பின்னர் அந்த மலைக்குத் திரும்பவேயில்லை. அவருக்குத் தெரிந்த பாதை பொள்ளாச்சிக்கு இறங்கும் பாதை ஒன்றே. மலைக்கு மறுபக்கத்தில், இத்தனை ஆண்டுகளாகத் தாம் வாழும் ஊரிலிருந்தே தம் பிறந்த இடத்துக்கு ஒரு சாலை ஏறுகிறது என்பது அவருக்கு ஏதோ ரகசியம்போல் பட்டிருக்க வேண்டும். “அந்தப் பக்கமாகவே போய்ப் பார்த்துவிடலாமே” என்று ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

அதற்குமேல் பேச்சு என்ன இருக்கிறது? மலைவழியே என்று முடிவாயிற்று. ஆனால் அதற்கு முன்னேற்பாடுகள் பல வேண்டும். வாழச்சால் சோதனைச் சாவடியில் வண்டியின் எண்ணையும் நுழையும் நேரத்தையும் குறித்துக்கொள்கிறார்கள். அப்பால் காட்டுக்குள் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்க இயலாது. பகலில் மட்டுமே வழி திறந்திருக்கும். கடும் மழைக்காலத்தில் மண் சரிந்தும் மரம் விழுந்தும் சாலை மூடப்படுவதுண்டு. ஆகவே புறப்படுவதற்கு முதல் நாள் விசாரித்துக்கொள்வது நலம். தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைய மற்றொரு சீட்டும் தேவை. 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு, உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி இ-பாஸ் முறை ஏற்பட்டிருக்கிறது. வீட்டிலிருந்தே பதிவு செய்துகொள்ளலாம்.

அதிரப்பள்ளியை நம்மவர்கள் ‘புன்னகை மன்னன்’ அருவி என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். 1986-இல் வந்த அப்படத்தின் அருவிக் காட்சி அங்கே எடுக்கப்பட்டது. எண்பது அடி உயரத்திலிருந்து சாலக்குடியாறு விழும் அழகை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அடுத்த முறை கூட்டம்தான் கண்ணில் படும். எங்களுக்கு அதைவிட வாழச்சாலுக்கு அப்பாலுள்ள காடே முக்கியம். இருவாட்சிப் பறவைகளின் இருப்பிடம் அது. காடர் என்னும் பழங்குடியினர், முன்னாளில் அப்பறவையின் குஞ்சுகளை வேட்டையாடியவர்கள், இப்போது வனத்துறையோடு சேர்ந்து அதன் கூடுகளைக் காத்து வருகிறார்கள். மலக்கப்பாறையில் தேயிலை தொடங்கும். வால்பாறைக்கருகே புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்க, மரத்துக்கு மரம் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். வண்டியில் அடிபட்டு அவை மாண்டதன் பின்னரே இந்த ஏற்பாடு. பிறகு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் பலகை உண்டு. அடிவாரத்திலிருந்து எண்ணுவதால் இறங்குகிறவர்களுக்கு நாற்பதுதான் முதலில் வரும். ஒன்பதாம் வளைவில், சாலை அமைத்த லோம் என்னும் வெள்ளைக்காரரின் பெயரால் ஒரு காட்சி முனை இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் ஆழியாற்று நீர்த்தேக்கம் தாம்பாளத்தில் ஏந்தியதுபோல் தெரியும்.

இந்த நாற்பது வளைவுகளை யார் ஓட்டுவது? உண்மையில் எங்கள் வீட்டு விவாதமெல்லாம் இதைப் பற்றியதே. தம்பி மகன் பந்தயப் படங்களைப் பார்த்துப் பார்த்து, வளைவில் எவ்வாறு நுழைந்து எவ்வாறு வெளிவருவது என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டுகிறவன். படம் சரியாகவே இருந்தது. பந்தயத் தடத்துக்கு மிகப் பொருத்தம். தடத்தில் எதிரே வண்டி வராது. ஓட்டுபவன் தலைக்கவசமும் தீப்பிடிக்காத உடையும் அணிந்திருப்பான். வளைவுதோறும் கொடியோடு ஆள் நிற்பான், ஆம்புலன்ஸ் காத்திருக்கும். மலைச்சாலையிலோ, வளைவுக்கு அப்பால் அரசு பஸ் வரும்; வரையாடு நிற்கும்; பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கும் தோட்டத் தொழிலாளி வருவான். நமக்கு உல்லாசச் சாலை. அவர்களுக்கு ஊரோடு உள்ள ஒரே உறவு. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் அவனுக்குக் காட்டினோம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019-இல் செய்த திருத்தத்தின்படி பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறை செல்ல நேரும். நம் வீடுகளில் பள்ளிக்கூடத்துப் பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பெருமைப்படுகிறவர்கள் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.

சட்டத்தைக் கேட்டு அவன் மசியவில்லை. தந்தையார்தான் பேசினார். அவருடைய சிறுவயதில் தோட்டத்து லாரி ஒன்று இரவில் மலையிறங்கிச் சென்றதாம். மறுநாள் காலையில் லயத்துப் பெண்கள் எல்லாரும் சாலையோரம் வந்து நின்றார்களாம். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தம்பி மகன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

ஆக, ஏற்பாடு இவ்வாறு. சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பாடு. சாலக்குடி வரை தம்பி மகன் ஓட்டுவான். அங்கிருந்து ஆழியாறு வரை எங்களுள் மூத்தவர். அதன்பின் பொள்ளாச்சி வரை மறுபடியும் அவன். இரவு பொள்ளாச்சியில் தங்கல். ஞாயிறு காலை கிணத்துக்கடவு வழியாகச் செட்டிப்பாளையம் ஒரு மணிப் பிரயாணம். பந்தயம் முடிந்தபின் நெடுஞ்சாலை வழியே திரும்பி, திங்கட்கிழமை வேலைக்கு ஆஜராக வேண்டும். பந்தய நாட்களும் நுழைவு விவரமும் ஆண்டுதோறும் மாறுவதால், முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும். குழந்தைகளுக்குக் காதில் வைக்கப் பஞ்சு அவசியம். கட்டுச்சோறு வாழையிலையில்தான்; காட்டுக்குள் பிளாஸ்டிக்குக்கு இடமில்லை.

தோட்டத்துக்குள் செல்ல அனுமதி கேட்டுக் கடிதம் எழுதியிருந்தோம். இதுவரை பதில் இல்லை. தந்தையார் அதைப் பற்றிக் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. லயம் இருந்த சரிவு சாலையிலிருந்தே தெரியும் என்கிறார். நிறுத்த வசதியான இடம் எது என்று தம்பி மகனிடம் விவரித்துக்கொண்டிருக்கிறார். அவனும் அந்தக் காகிதத்தின் மறுபக்கத்தில் குறித்துக்கொள்கிறான்.