குட்டிக்கும் ஒரு பிளட் ரிப்போர்ட்

தி. நகரில் இரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 11. டாக்டர் உதட்டைப் பிதுக்கி இரும்புச் சத்து மாத்திரை எழுதினார். செம்மறியாட்டுக்கு 9 முதல் 15 வரை சரியான அளவு. ஆடாகப் பிறந்திருந்தால் மாத்திரைச் செலவு மிச்சம்.

*

அதே ரிப்போர்ட்டில் ஜி.ஜி.டி. என்று ஒரு வரி. நமக்கு அது ஏறினால் “குடிக்கிற பழக்கம் உண்டா?” என்று கேட்பார்கள். பிறந்து ஒரு நாளான ஆட்டுக்குட்டிக்கும் அது எகிறியிருக்கும். அங்கேயும் காரணம் குடிதான், சீம்பால் குடி. அந்த என்சைம் சீம்பாலில் ஏராளம். குட்டியின் இரத்தத்தில் அது குறைவாக இருந்தால்தான் கவலை.

*

மனிதக் குழந்தை, தாயின் எதிர்ப்புப் புரதங்களைக் கருவிலேயே வாங்கிக்கொண்டு வருகிறது. செம்மறியின் நஞ்சுக்கொடி அவற்றை விடுவதில்லை. குட்டிக்கு வெள்ளையணுக்கள் உண்டு, பிறவித் தற்காப்பும் கொஞ்சம் உண்டு. ஆனால் தாய் பட்டுத் தெரிந்துகொண்ட நோய்களைப் பற்றி அதன் இரத்தத்துக்கு ஒன்றுமே தெரியாது. அந்தச் சேதி சீம்பாலில்தான் வரவேண்டும். அந்தப் பெரிய புரதங்களைக் குடல் உடைக்காமல் உள்ளே விடுவது ஏறக்குறைய முதல் ஒரு நாள் மட்டும். அதுவும் நேரம் ஆக ஆகக் குறைந்துகொண்டே போகும். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கிலோவுக்கு 50 மில்லி என்று கணக்கு. இரண்டரைக் கிலோ குட்டிக்கு 125 மில்லி, ஒரு காபி டம்ளர்.

*

மயிலாப்பூரில் பால்காரர் எப்போதாவது பசுஞ்சீம்பால் கொண்டுவருவார். வெல்லம், ஏலக்காய் போட்டு ஆவியில் வைத்தால் கட்டியாகிவிடும். அப்படி இறுகுகிற புரதத்தில் கணிசமான பங்கு எதிர்ப்புப் புரதம். நமக்கு அது வெறும் தித்திப்பு. கன்றுக்குப் போக மிச்சம்தானா என்று அவரிடம் கேட்க இதுவரை வாய் வரவில்லை.

*

மாம்பலத்தில் செங்கல்பட்டு லோக்கல் பிடித்துப் பொத்தேரியில் இறங்கினால் காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையம். அங்கே வளர்க்கும் ‘மெட்ராஸ் ரெட்’ நம் பக்கத்து ஆடு: செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர். கம்பளி கிடையாது. செம்பழுப்பு முடி.

*

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு புல் நுனியில் ஏறி நிற்கும் புழுக்குஞ்சு. மேயும் ஆட்டின் வயிற்றுக்குள் போய் வளர்ந்ததும், ஒவ்வொரு புழுவும் ஒரு நாளைக்கு 0.05 மில்லி இரத்தம் உறிஞ்சும். ஐந்நூறு புழு என்றால் 25 மில்லி. பத்துக் கிலோ குட்டிக்கு மொத்த இரத்தமே முக்கால் லிட்டரைத் தாண்டாது. தாடைக்குக் கீழே நீர் கோக்கும். இந்தப் புழு விஷயத்தில் சீம்பாலை நம்ப முடியாது. குட்டி மேய்ந்து, புழுவோடு மல்லுக்கட்டி, மாதக்கணக்கில் தானே தேறவேண்டும்.

குட்டிக்கு இரத்தம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க லேப் வேண்டாம். கீழிமையை இழுத்துப் பார்த்தால் போதும். ஃபாஃபா மலான் என்ற தென்னாப்பிரிக்கர் பெயரால் ‘ஃபமாச்சா’ அட்டை: சிவப்பில் தொடங்கி வெள்ளை வரை ஐந்து நிறம். வெளுத்த குட்டிக்கு மட்டும் மருந்து. எல்லாவற்றுக்கும் ஊற்றினால் மருந்துக்குப் புழு பழகிவிடும். என் டாக்டரும் ரிப்போர்ட்டைப் பிரிக்குமுன் இமையைத்தான் இழுத்துப் பார்த்தார்.

*

பேத்திக்குத் தொண்டை வலி. அடையாறில் ஒரு லேபில் சளி எடுத்தார்கள். அதைத் தேய்க்கிற சிவப்புத் தட்டில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஆட்டு இரத்தம்; கிருமி இரத்தத்தைக் கரைத்தால் சுற்றிலும் தெளிந்த வளையம் விழும். ரிசல்ட் நாளை மாலை.