பயம் காத்த நதி

சாபமும் கொள்ளைக்காரர்களும் மனிதர்களை விலக்கி வைத்ததால் பிழைத்தது சம்பல். இன்று காவலுக்கு இருப்பது சட்டம் மட்டுமே.

சென்னையிலிருந்து தில்லி செல்லும் ரயில் குவாலியரையும் மொரேனாவையும் கடந்து, தோல்பூரை எட்டுவதற்கு முன் ஒரு நீண்ட பாலத்தில் ஏறுகிறது. பயணிகளில் பலர் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். விழித்திருப்பவர்களும் சற்று நேரத்தில் பாலம் முடிந்துவிடுவதால் பெரிதாக எதையும் கவனிப்பதில்லை. கீழே ஓடுவது சம்பல். சினிமாக்காரர்களின் புண்ணியத்தில், இந்தப் பெயரைக் கேட்டதும் குதிரையும் துப்பாக்கியும் பெரிய மீசையும்தான் நினைவுக்கு வரும். வட இந்தியச் சமவெளியின் பெரிய ஆறுகளில் மிகச் சுத்தமானவற்றுள் இதுவும் ஒன்று என்பது அவ்வளவாக வெளியே தெரியாத செய்தி.

இந்தூருக்குத் தெற்கே விந்திய மலையில் பிறக்கும் சம்பல், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் என்று மூன்று மாநிலங்களைத் தொட்டுக்கொண்டு சுமார் 960 கி.மீ. ஓடி, எடாவா அருகே யமுனையில் கலக்கிறது. 1970-களின் இறுதியில் தொடங்கி, இதில் ஏறத்தாழ 600 கி.மீ. நீளத்தை மூன்று மாநிலங்களும் சரணாலயமாக அறிவித்தன. தேசிய சம்பல் சரணாலயம் என்று பெயர். பரப்பு சுமார் 5,400 சதுர கி.மீ. காட்டை வேலி போட்டுக் காப்பது ஒரு வகை. இங்கே காக்க வேண்டியது ஓடிக்கொண்டே இருக்கும் தண்ணீரையும், ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும் மணல் திட்டுகளையும்.

ராஜஸ்தானில் ரந்தம்போர் புலிக்காட்டுக்கு அருகே உள்ள பாலிகாட், மொரேனா அருகே ராஜ்காட், ஆக்ரா மாவட்டத்தில் நந்த்காவ் ஆகிய படித்துறைகளிலிருந்து படகில் போகலாம். நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல பருவம். படித்துறைக்கு வந்து சேரும் பாதையே ஒரு அனுபவம். இரு கரையிலும் மழைநீர் அரித்து அரித்து உண்டாக்கிய மண் பள்ளத்தாக்குகள். உள்ளூர்க்காரர்கள் ‘பீஹட்’ என்கிறார்கள். ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடுத்த பள்ளம் தெரியாது. நூறு பேர் ஒளிந்திருந்தாலும் மேலே நிற்பவனுக்குத் தெரியாது. இந்த மண்ணைப் பிடித்து நிறுத்த 1980-களில் விமானத்திலிருந்து விதை தூவினார்கள். என்ன விதை என்று கேட்டால் ராமநாதபுரத்துக்காரர்கள் சிரிப்பார்கள். அங்கே நிலத்தைப் பிடித்துக்கொண்ட அதே சீமைக் கருவேலம்தான் இங்கும் முளைத்து நிற்கிறது.

கடைசி மேட்டைத் தாண்டியதும் ஆறு விரிகிறது. குளிர்காலத்தில் நீர் பச்சையும் நீலமுமாகத் தெளிந்து கிடக்கிறது. அடிக்கடி படகோட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டு மணல் திட்டைக் காட்டுவார். முதல் பார்வைக்கு வெள்ளத்தில் ஒதுங்கிய மரக்கட்டைகள் போல இருக்கும். பிறகு ஒரு கட்டை வாயைத் திறக்கும்.

கரியால். முதலைக் கூட்டத்தில் இதைப்போல் இன்னொன்று இல்லை. அரம் போல நீண்டு மெலிந்த வாய். அதில் நூறுக்கும் மேற்பட்ட ஊசிப் பற்கள். மீன் பிடிப்பதற்கென்றே அமைந்த வாய் அது. வளர்ந்த ஆணுக்கு மூக்கு நுனியில் ஒரு குமிழ் இருக்கும். இந்தியில் பானைக்குச் சொல்லும் சொல்லிலிருந்தே இதற்குப் பெயர் வந்தது. ஐந்து மீட்டர் வளரும் ஆண்கள்கூட உண்டு. ஆனால் கால்கள் பலவீனம். உடம்பைத் தூக்கி நடக்க முடியாது. வயிற்றால் உந்தி நகர வேண்டும். ஆற்றை விட்டு விலகி வேறிடம் தேடும் வசதி அதற்கு இல்லை.

சங்கப் புலவர்கள் முதலை, இடங்கர், கராம் என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னார்கள். குறிஞ்சிப்பாட்டில் மூன்றும் அடுத்தடுத்து வரும். அவர்கள் அறிந்த ஆறுகளில் இன்று எஞ்சியிருப்பது, அமராவதி அணையிலும் சாத்தனூரிலும் வெயில் காயும் இனம். அந்த இனமும் சம்பலில் உண்டு. கரியாலுக்குச் சற்றுத் தள்ளிக் கரையோரச் சேற்றில் கிடக்கும்.

இன்னும் உண்டு. அகன்ற ஆழமான மடுவில் திடீரென ஒரு பெருமூச்சு கேட்கும். திரும்பிப் பார்ப்பதற்குள் சாம்பல் நிற முதுகு மறைந்துவிடும். ஏறக்குறையக் கண் தெரியாத, ஒலியைக் கொண்டே வழி அறியும் கங்கை டால்பின் அது. 2009-ல் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் இமயத்துக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்துகள் வந்து இறங்குகின்றன. கவிதைகளில் மட்டுமே சந்தித்த சக்கரவாகத்தை இங்கே இணை இணையாகப் பார்க்கலாம். கீழலகு மேலலகை விட நீண்ட ஸ்கிம்மர் பறவை, நீர்ப்பரப்பைக் கத்தியால் கீறுவது போல அலகை இழுத்துக்கொண்டு பறக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் தலையில் சிவப்பும் மஞ்சளும் நீலமும் ஏறும் செந்தலை ஆமைக்கு உலகில் மிஞ்சிய முக்கியப் புகலிடமும் இதுதான்.

இந்த நதிக்கு இவ்வளவும் எப்படி மிஞ்சியது? ஒரு காரணம் புராணம். சம்பலின் பழைய பெயர் சர்மண்வதி. ரந்திதேவன் என்ற அரசன் செய்த வேள்விகளில் பலியான பசுக்களின் தோல்களிலிருந்து வழிந்ததே இந்த ஆறு என்று மகாபாரதம் சொல்கிறது. திரௌபதி இதைச் சபித்தாள் என்று மக்கள் கதை சொல்கிறது. கங்கைக்குக் காசியும் யமுனைக்கு மதுராவும் கிடைத்தன. சம்பலின் சமவெளிக் கரைகளில் அப்படி ஒரு பெரிய யாத்திரைத் தலம் எழவில்லை.

இரண்டாவது காரணம் துப்பாக்கி. மான்சிங் காலத்திலிருந்து ஒரு கும்பல் போனால் இன்னொன்று வந்தது. 1960-ல் வினோபா பாவேயின் முன்னிலையிலும், 1972-ல் ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னிலையிலும் பலர் ஆயுதங்களைக் கீழே வைத்தார்கள். 1983-ல் பூலன்தேவி சரணடைந்தார். 2005-ல் நிர்பய் குஜ்ஜர் சுட்டுக் கொல்லப்பட்டதோடு பெரிய கும்பல்களின் காலம் அநேகமாக முடிந்தது. அதுவரை பள்ளத்தாக்குக்குள் ஆலை கட்ட யார் வருவார்கள்? கழிவைக் கொட்ட ஆலையும் இல்லை, பெரிய நகரமும் இல்லை.

ஆனால் பயத்துக்கு எல்லாப் புகழையும் கொடுத்துவிட முடியாது. நதி பிழைத்தபோதும் கரியால் பிழைக்கவில்லை. தோலுக்காக வேட்டை, மீன் வலையில் சிக்கிச் சாவு, முட்டைத் திருட்டு. 1970-களின் நடுவில் இந்தியாவின் ஆறுகளில் மிஞ்சியவை 200-க்கும் குறைவு என்று கணக்கிட்டார்கள். 1975-ல் மத்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. மணலிலிருந்து முட்டைகளை எடுத்து, லக்னோ அருகே குக்ரைலிலும் மொரேனா அருகே தேவ்ரியிலும் பொரிக்க வைத்து, குட்டிகள் ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்த பின் ஆற்றில் விட்டார்கள். இன்று சம்பலில் 2,000-க்கும் மேற்பட்ட கரியால்கள் உள்ளன. உலகில் இயற்கைச் சூழலில் வாழும் கரியால்களில் மிகப் பெரும்பகுதி இந்த ஒரே ஆற்றில்தான். பயம் வீட்டைக் காத்தது. குடியிருப்பவரைத் திரும்பக் கொண்டுவந்தது சட்டமும் சில வனத்துறை ஊழியர்களின் உழைப்பும்.

கொள்ளையர்கள் போன இடத்துக்கு டிராக்டர்கள் வந்தன. நகரங்களுக்குக் கட்டடம் வேண்டும், கட்டடத்துக்கு மணல் வேண்டும். பாலாறும் காவிரியும் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை. சரணாலயத்தில் திருட்டு மணல் அள்ளுபவர்களைத் தடுக்கப் போவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. 2012 மார்ச்சில், திருட்டுத்தனமாக வெட்டிய கல்லை ஏற்றிவந்த டிராக்டரை மொரேனா மாவட்டத்தில் மறித்த இளம் ஐ.பி.எஸ். அதிகாரி நரேந்திர குமார் அதன் சக்கரத்தில் நசுங்கி இறந்தார். 2018 செப்டம்பரில் அதே மாவட்டத்தில் மணல் டிராக்டரைத் தடுக்க முயன்ற ஒரு வனத்துறை அதிகாரிக்கும் அதே கதி.

மணல் போனால் என்ன போகும் என்பதுதான் விஷயம். கரியால் மார்ச் கடைசியில் கரை மணலில் குழி தோண்டி நாற்பது முட்டை வரை இடுகிறது. ஆமைகளும் ஏறக்குறைய அதே பருவத்தில் அதே மணலில் முட்டையிடுகின்றன. ஸ்கிம்மர் கூடுகூடக் கட்டாது. வெறும் மணலில் ஒரு சிறு பள்ளம்தான் அதற்குத் தொட்டில். சம்பலின் அரிய உயிர்களில் பலவும் வாழ்க்கையைத் தொடங்குவது மணல் திட்டில். டிராக்டருக்கு வசதியான பருவமும் ஆறு வற்றிக் கிடக்கும் அதே கோடைதான்.

தண்ணீரும் குறைகிறது. மேலே காந்தி சாகர், ராணா பிரதாப் சாகர், ஜவகர் சாகர் என்று மூன்று அணைகள்; அதற்குக் கீழே கோட்டா தடுப்பணை. கோட்டாவில் கால்வாய்களுக்குப் போனது போக மிச்சம்தான் ஆற்றுக்கு. கோடையில் அங்கே மெலிந்துபோகும் சம்பலுக்குக் காளிசிந்தும் பார்வதியும் வந்து கலந்துதான் மறுபடி உடம்பு தேறுகிறது. நீர் குறைந்தால் தீவாக இருந்த திட்டு கரையோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு நாயும் நரியும் நடந்தே போய் முட்டைகளைத் தின்னும்.

2007 டிசம்பரில் தொடங்கிய குளிர்காலத்தில், யமுனையோடு சம்பல் சேரும் பகுதியில் நூறுக்கும் மேற்பட்ட கரியால்கள் செத்து ஒதுங்கின. அறுத்துப் பார்த்தபோது சிறுநீரகங்கள் கெட்டிருந்தன. ஏதோ நச்சுப்பொருள் என்ற சந்தேகம் வலுத்தது. எந்த நச்சு என்பது ஐயமற நிறுவப்படவில்லை. ஒரு நதியைச் சுத்தமாக வைத்தால் போதாது, அது போய்ச் சேரும் நதியும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதை அந்தச் சாவுகள் நினைவூட்டின. 2008-ல் தொடங்கிய கரியால் ஆய்வுத் திட்டத்தில் சென்னை முதலைப் பண்ணைக்கு முக்கியப் பங்கு உண்டு. வாலில் ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, சில கரியால்கள் பருவத்துக்குப் பருவம் நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்வது தெரிந்தது. ஆற்றின் ஒரு துண்டை மட்டும் காப்பாற்றிப் பயனில்லை என்று இதற்குப் பொருள்.

ஜூன் தொடக்கத்தில் மணலுக்குள் முட்டைகளிலிருந்து மெல்லிய குரல்கள் எழும். தாய் வந்து மணலைத் தோண்டும். பொரித்து வரும் குஞ்சுகளை மற்ற முதலைகளைப் போல வாயில் கவ்விச் செல்ல அதன் ஒல்லி வாய் உதவாது. அவை தாமே தண்ணீருக்குத் தத்திச் செல்கின்றன. ஆழமற்ற நீரில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் மொய்க்க, ஒரு பெரிய ஆண் அவற்றுக்கு நடுவே காவல் கிடக்கும். சில அதன் முதுகிலேயே ஏறிக்கொள்ளும். சில வாரங்களில் பருவமழை வெள்ளம் வந்து அவற்றில் பெரும்பாலானவற்றை அடித்துச் சென்றுவிடும். நூற்றில் ஒன்றோ இரண்டோ மிஞ்சி வளரும். அது நதி ஆதியிலிருந்தே போட்டு வரும் கணக்கு. அதற்குத் தகுந்தாற்போலத்தான் கரியால் நாற்பது முட்டை இடுகிறது. டிராக்டர்கள் எடுத்துப் போவதை ஈடுகட்ட அதனிடம் வேறு கணக்கு இல்லை.